ராபர்ட்சன் அறக்கட்டளை (பிரின்ஸ்டன்)

இக்கட்டுரை பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு நிதி வழங்கிய அறக்கட்டளையைப் பற்றியது. முதலீட்டாளர் ஜூலியன் ராபர்ட்சன் 1996 இல் நிறுவிய, இதே பெயர் கொண்ட அறக்கட்டளை வேறானது.

ராபர்ட்சன் அறக்கட்டளை என்பது, ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பொது மற்றும் பன்னாட்டு விவகாரப் பள்ளியில் நடைபெறும் பட்டமேற்படிப்புக்கு நிதி வழங்குவதற்காக 1961 ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட அறநிறுவனம் ஆகும். சார்லசு ராபர்ட்சன், மேரி ராபர்ட்சன் என்னும் கணவன் மனைவியர் அளித்த 35 மில்லியன் டாலர் கொடை இதன் தொடக்க நிதியாக அமைந்தது. இந்நிதி 2008 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 900 மில்லியன் டாலராக வளர்ந்தது.

நிதி எந்நோக்கத்துக்காகத் தரப்பட்டதோ அந்நோக்கத்துக்குச் செலவிடப்படவில்லை எனக் கூறி, கொடையாளர்களின் பிள்ளைகளும் உறவினர் ஒருவரும் 2002 இல் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குத் தொடுத்தனர். ஆறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த இவ்வழக்கு 2008 டிசம்பரில் உடன்பாட்டில் முடிந்தது. அதன்படி அறக்கட்டளை கலைக்கப்பட்டது. கொடையாளர் மறைந்த பின்னர் கொடையின் நோக்கத்துக்குப் பொருள் கூறும் உரிமை யாருக்கு உரியது என்னும் கேள்வியை எழுப்பியதால், அமெரிக்க உயர்கல்விக் கொடைகளின் வரலாற்றில் இவ்வழக்கு பெரிதும் பேசப்படுகிறது.

பின்னணி

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 1930 இல் பொது மற்றும் பன்னாட்டு விவகாரங்களுக்கான பள்ளியைத் தொடங்கியது. முன்னர் இப்பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் பின்னர் ஐக்கிய அமெரிக்காவின் குடியரசுத் தலைவராகவும் விளங்கிய உட்ரோ வில்சனின் பெயர் பிற்காலத்தில் இப்பள்ளிக்கு இடப்பட்டது. தொடக்கத்தில் இளநிலை மாணவர்களுக்கு மட்டுமே பாடங்கள் நடத்தப்பட்டன. 1948 இல் பட்டமேற்படிப்பு சேர்க்கப்பட்டது. எனினும் அப்படிப்பு 1950களின் இறுதிவரை சிறிய அளவிலேயே நடைபெற்றது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஐக்கிய அமெரிக்காவின் வெளிநாட்டுத் தொடர்புகள் பெருகின. பனிப்போர்க் காலத்தில் தூதரகங்கள், வெளிநாட்டு உதவித் திட்டங்கள், பாதுகாப்புத் துறை ஆகியவற்றுக்குப் பயிற்சி பெற்ற அலுவலர்கள் பெரும் எண்ணிக்கையில் தேவைப்பட்டனர். ஜான் எஃப். கென்னடி குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற 1961 ஆம் ஆண்டிலேயே அமைதிப் படையும் பன்னாட்டு வளர்ச்சி முகமையும் தோற்றுவிக்கப்பட்டன. அரசுப் பணி இளைஞர்களை ஈர்க்கும் உயர்ந்த தொழிலாகக் கருதப்பட்ட காலம் அது. ராபர்ட்சன் இணையரின் கொடை இச்சூழலில் வழங்கப்பட்டது.

கொடையாளர்கள்

சார்லசு ராபர்ட்சன் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1926 ஆம் ஆண்டு வகுப்பைச் சேர்ந்தவர். அவருடைய மனைவி மேரி, ஏ அண்ட் பி என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட கிரேட் அட்லாண்டிக் அண்ட் பசிபிக் தேயிலை நிறுவனத்தின் உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1859 இல் தொடங்கிய இந்நிறுவனம், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவின் மிகப் பெரிய மளிகைக் கடைத் தொடராக விளங்கியது. கொடையாக வழங்கப்பட்ட செல்வம் மேரி வழியாக வந்தது.

இவ்விணையர் கல்விக்கு மட்டுமன்றி அறிவியல் ஆய்வுக்கும் உதவினர். மேரி 1972 இல் காலமானார். அதற்கு அடுத்த ஆண்டு சார்லசு 8 மில்லியன் டாலர் வழங்கி, நியூ யார்க் மாநிலத்தின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஓர் ஆய்வு நிதியை ஏற்படுத்தினார். லாங் தீவிலிருந்த தம் குடும்ப மாளிகையையும் அவ்வாய்வகத்துக்கு அளித்தார். அது பான்பரி மையம் என்னும் பெயரில் அறிவியல் கூட்டங்கள் நடைபெறும் இடமாக மாறியது. சார்லசு 1981 இல் காலமானார்.

1961 ஆம் ஆண்டுக் கொடை

பல்கலைக்கழகத்தின் அன்றைய தலைவர் ராபர்ட் கோகீனுடன் நடத்திய கலந்துரையாடல்களுக்குப் பின்னர், 1961 இல் ராபர்ட்சன் இணையர் ஏ அண்ட் பி நிறுவனத்தின் 7 இலட்சம் பங்குகளை வழங்கினர். அவற்றின் அன்றைய மதிப்பு 35 மில்லியன் டாலர். தம் பெயரை வெளியிட வேண்டா எனக் கொடையாளர்கள் கேட்டுக்கொண்டதால், கொடை நீண்ட காலம் பெயர் குறிப்பிடப்படாததாகவே இருந்தது. 1970களிலேயே கொடையாளர் யார் என்பது பொதுமக்களுக்குத் தெரியவந்தது.

அறக்கட்டளையின் நிறுவன ஆவணம் அதன் நோக்கத்தை வரையறுத்தது. அதன் சாரம் வருமாறு:

- ஐக்கிய அமெரிக்க அரசை வலுப்படுத்துதல்; உலகெங்கும் விடுதலையைக் காத்து வளர்ப்பதற்கான அதன் ஆற்றலையும் மனவுறுதியையும் பெருக்குதல்.
- அதற்கு வழியாக, ஆடவரையும் மகளிரையும் அரசுப் பணிக்குப் பயிற்றுவிக்கும் வசதிகளை மேம்படுத்துதல்.
- கூட்டாட்சி அரசில் பன்னாட்டு உறவுகளோடும் விவகாரங்களோடும் தொடர்புடைய துறைகளில் பணியாற்றுவதற்கான கல்விக்குச் சிறப்பு அழுத்தம் தருதல்.
- இவற்றை அடைவதற்காக, பிரின்ஸ்டனின் பள்ளியில் ஒரு பட்டமேற்படிப்பை நிறுவி நடத்துதல்.

பிரின்ஸ்டன் இளநிலைப் படிப்பில் மகளிரைச் சேர்க்கத் தொடங்கியது 1969 இல்தான். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னரே இவ்வாவணம் மகளிரையும் குறிப்பிட்டது கவனிக்கத்தக்கது.

அறக்கட்டளையின் அமைப்பு

பெரும்பாலான கொடையாளர்கள் நிதியை நேரடியாகப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைப்பர். ராபர்ட்சன் இணையர் அவ்வாறு செய்யவில்லை. டெலவேர் மாநிலச் சட்டத்தின்கீழ்த் தனி நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்து, கொடையை அதன் பொறுப்பில் வைத்தனர். அந்நிறுவனத்தின் ஆட்சிக் குழுவில் எழுவர் இடம்பெற்றனர். நால்வரைப் பல்கலைக்கழகமும் மூவரைக் குடும்பமும் நியமித்தன.

இவ்வமைப்பு இரு தரப்புக்கும் நன்மை தந்தது. பெரும்பான்மை பல்கலைக்கழகத்திடம் இருந்ததால், கல்வி தொடர்பான முடிவுகளில் அதன் தன்னாட்சி காக்கப்பட்டது. பல்கலைக்கழகத்துக்கு உதவும் துணை அமைப்பு என்ற வரிச் சட்டத் தகுதியும் கிடைத்தது. குடும்பத்தினர் குழுவில் இருந்ததால், கணக்குகளைப் பார்க்கவும் கேள்வி எழுப்பவும் அவர்களால் முடிந்தது. எனினும் வாக்கெடுப்பு என்று வந்தால் மூவர் நால்வரை வெல்ல இயலாது. பிற்கால வழக்குக்கு வழி திறந்ததும் இவ்வமைப்பே எனக் கருதப்படுகிறது.

நிதியின் பயன்பாடு

இக்கொடை பள்ளியின் தன்மையை மாற்றியது. கற்பித்தல் பணியிடங்கள் பெருகின. பட்டமேற்படிப்பு மாணவர்களுக்குக் கல்விக் கட்டண விலக்கும் வாழ்க்கைச் செலவுக்கான உதவித்தொகையும் பெருமளவில் வழங்கப்பட்டன. படிப்பை முடிப்பவர் கடன் சுமையின்றி, ஊதியம் குறைந்த அரசுப் பணியை ஏற்க இது வழிவகுத்தது. ஒத்த தரமுள்ள பிற பள்ளிகள் பலவற்றில் மாணவர்கள் பெருந்தொகையைக் கட்டணமாகச் செலுத்த வேண்டியிருந்த நிலையில், பிரின்ஸ்டனின் இவ்வசதி தனித்தன்மை வாய்ந்ததாக இருந்தது.

பள்ளிக்குப் புதிய கட்டடமும் எழுப்பப்பட்டது. பிற்காலத்தில் நியூ யார்க் உலக வணிக மையத்தை வடிவமைத்த மினோரு யமசாகி இதன் கட்டடக் கலைஞர் ஆவார். குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் 1966 மே மாதத்தில் இதனைத் திறந்து வைத்தார். 1988 இல் இக்கட்டடத்துக்கு ராபர்ட்சன் மண்டபம் எனப் பெயரிடப்பட்டது.

இப்பள்ளியின் பட்டமேற்படிப்பில் பயின்றோருள், கிளிண்டன் ஆட்சிக்காலத்தில் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்து பின்னர் ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியத்தின் தலைவரான அந்தோணி லேக், படைத் தளபதியாகவும் நடுவண் உளவு முகமையின் இயக்குநராகவும் பணியாற்றிய டேவிட் பெட்ரேயசு ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள்.

வழக்கு

பட்டதாரிகளுள் கூட்டாட்சி அரசின் வெளிவிவகாரப் பணிகளில் சேர்வோர் குறைவாக இருப்பது பற்றிய மனக்குறை சார்லசு ராபர்ட்சன் உயிருடன் இருந்த காலத்திலேயே தோன்றியிருந்தது. அவருடைய மறைவுக்குப் பின்னர், குழுவில் இடம்பெற்ற அவர் மகன் வில்லியம் ராபர்ட்சன் இக்கேள்வியைத் தொடர்ந்து எழுப்பினார். அறக்கட்டளையின் முதலீடுகளைப் பல்கலைக்கழகத்தின் முதலீட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கும் திட்டம் உடனடிக் காரணமாக அமைய, 2002 ஜூலையில் குடும்பத்தினர் நியூ ஜெர்சி உயர்நிலை நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். பின்னர் கோரிக்கை விரிவாக்கப்பட்டது. அறக்கட்டளையைப் பிரின்ஸ்டனிடமிருந்து முழுவதும் பிரித்து, நிதியை வேறு பள்ளிகளுக்கு வழங்க இசைவு தர வேண்டும் என்றும் அவர்கள் வேண்டினர்.

வாதிகளின் வாதம்

ஆவணத்திலுள்ள "சிறப்பு அழுத்தம்" என்ற கூற்றே கொடையின் உயிர்நாடி என்பது குடும்பத்தினரின் நிலைப்பாடு. கொடையாளர்கள் விரும்பியது பொதுவான கல்வி வளர்ச்சி அன்று. அரசின் வெளிவிவகாரத் துறைகளுக்கு ஆட்களை உருவாக்குவதே. பட்டதாரிகளுள் சிறு பகுதியினரே அப்பணிகளுக்குச் சென்றனர் என அவர்கள் எடுத்துக்காட்டினர். பிற துறைகளின் பேராசிரியர் ஊதியம், முனைவர்ப் பட்ட மாணவர்களுக்கான உதவி, கட்டடச் செலவு, பல்கலைக்கழகத்தின் பொது நிருவாகச் செலவு ஆகியவற்றுக்கு அறக்கட்டளையின் பணம் பயன்பட்டது என்றும், இவ்வாறு திசைமாறிய தொகை 200 மில்லியன் டாலருக்கு மேற்பட்டது என்றும் குற்றஞ்சாட்டினர்.

பல்கலைக்கழகத்தின் வாதம்

"சிறப்பு அழுத்தம்" என்பது "மட்டும்" என்று பொருள்படாது எனப் பல்கலைக்கழகம் மறுத்தது. ஆவணம் பொதுவாக அரசுப் பணியையே குறிப்பிடுகிறது. பனிப்போர் முடிந்தபின் பன்னாட்டு அமைப்புகளும் அரசு சாரா நிறுவனங்களும் உலக விவகாரங்களில் பெரும் பங்கு வகிக்கின்றன. மாணவரை ஒரு தொழிலுக்குக் கட்டாயப்படுத்த எந்தக் கல்வி நிறுவனத்தாலும் முடியாது என்பவை அதன் விளக்கங்கள். பொருளியல், அரசறிவியல், சமூகவியல் முதலிய துறைகளின் அறிஞர்கள் இல்லாமல் தரமான பட்டமேற்படிப்பை நடத்த இயலாது என்பதால், அத்துறைகளுக்கான செலவும் நோக்கத்துக்குள் அடங்கும் என்றும் அது வாதிட்டது.

செலவைப் பிரிப்பதிலுள்ள இடர்ப்பாடு

கணக்கியல் நோக்கில் இவ்வழக்கின் கடினமான பகுதி செலவைப் பங்கிடுவது ஆகும். ஒரு பேராசிரியர் காலையில் பட்டமேற்படிப்பு மாணவர்க்கும் மாலையில் இளநிலை மாணவர்க்கும் கற்பிக்கலாம். அவருடைய ஆய்வு இரண்டுக்கும் பயன்படலாம். அவர் ஊதியத்தில் எத்தனை விழுக்காடு அறக்கட்டளையின் கணக்கில் சேரும்? நூலகம், மின்சாரம், அலுவலகம் ஆகியவற்றின் செலவை எவ்வாறு பிரிப்பது? அத்துடன், ஒரு செலவை அறக்கட்டளை ஏற்றுக்கொண்டால், அதற்கெனப் பல்கலைக்கழகம் வைத்திருந்த பணம் வேறொன்றுக்கு விடுவிக்கப்படுகிறது. நோக்கம் குறிக்கப்பட்ட நிதியும் இவ்வாறு மறைமுகமாகப் பொது நிதி போலாகிவிடக்கூடும். இச்சிக்கல் பிரின்ஸ்டனுக்கு மட்டும் உரியதன்று. நோக்கம் குறித்த கொடை பெறும் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவானது.

2008 ஆம் ஆண்டு உடன்பாடு

2007 இல் நீதிமன்றம் வழங்கிய இடைக்காலத் தீர்ப்புகளுக்குப் பின்னரும் முதன்மையான கேள்விகள் முழு விசாரணைக்கு எஞ்சியிருந்தன. விசாரணை 2009 ஜனவரியில் தொடங்குவதாக இருந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், 2008 டிசம்பர் 10 அன்று இரு தரப்பினரும் உடன்பாட்டை அறிவித்தனர். அதன் முக்கிய கூறுகள்:

- ராபர்ட்சன் அறக்கட்டளை கலைக்கப்படும். எஞ்சும் நிதி பல்கலைக்கழகத்தின் முழுக் கட்டுப்பாட்டுக்குள் வரும். பள்ளியின் பட்டமேற்படிப்புக்கே தொடர்ந்து பயன்படும்.
- குடும்பத்தினர் சார்பில் செலவான வழக்குச் செலவுக்கு 40 மில்லியன் டாலர் அறக்கட்டளையின் சொத்திலிருந்து வழங்கப்படும்.
- மாணவரை அரசுப் பணிக்கு ஆயத்தப்படுத்தும் புதிய அறக்கட்டளை ஒன்றுக்கு 50 மில்லியன் டாலரும் அதற்கான வட்டியும் 2012 முதல் ஏழு ஆண்டுகளில் தவணைகளாக வழங்கப்படும்.

இரு தரப்பினரும் இதனைத் தத்தம் வெற்றியாகக் கூறினர். எனினும் முழு விசாரணை நடைபெறாததால், "சிறப்பு அழுத்தம்" என்பதன் பொருள் யாது என்ற வினாவுக்கு நீதிமன்றத்தின் இறுதி விடை கிடைக்கவில்லை. வழக்குச் செலவாகத் தரப்பட்ட 40 மில்லியன் டாலர் மட்டுமே, 1961 இல் அளித்த மூலக் கொடையின் எண் மதிப்பை விட மிகுதியானது. பண வீக்கத்தைக் கணக்கில் கொண்டால் இவ்வொப்பீடு மாறும் என்றாலும், அரசுப் பணிக்கு மாணவரை உருவாக்க வைத்த பணத்தில் ஒரு பெரும் பகுதி வழக்கில் கரைந்தது என்பதை இது காட்டுகிறது.

சட்டப் பின்னணி

அமெரிக்கச் சட்டத்தில், அறக்கொடை ஒன்றை வழங்கிய பின்னர், கொடையாளருக்கு அதன் மீது பொதுவாக உரிமை இல்லை. கொடை உரிய வழியில் செலவாகிறதா என்பதைக் கண்காணிக்கும் பொறுப்பு மாநில அரசுத் தலைமை வழக்கறிஞருடையது. 1997 இல் கனெக்டிகட் மாநில உச்ச நீதிமன்றம், பிரிட்ஜ்போர்ட் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரு கொடை அமைப்பு தொடுத்த வழக்கில், ஒப்பந்தத்தில் வெளிப்படையாகக் குறிப்பிடாவிடில் கொடையாளர் வழக்குத் தொடுக்க இயலாது என முடிவு செய்தது. மாறாக, 2001 இல் நியூ யார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம், மருத்துவமனைக்குக் கொடையளித்த ஒருவரின் மனைவி வழக்கை நடத்தலாம் என இசைந்தது.

ராபர்ட்சன் குடும்பத்தினருக்கு இத்தடை குறுக்கிடவில்லை. அவர்கள் கொடையாளரின் வாரிசுகள் மட்டுமல்லர். அறக்கட்டளையின் ஆட்சிக் குழு உறுப்பினர்களும் ஆவர். நேரடியாகப் பல்கலைக்கழகத்திடம் நிதியை ஒப்படைத்திருந்தால் இத்தகைய வழக்கை நடத்துவது மிகவும் அரிதாக இருந்திருக்கும்.

உடன்பாட்டுக்குப் பின்னர்

உடன்பாட்டின்படி அரசுப் பணிக்கான ராபர்ட்சன் அறக்கட்டளை என்னும் புதிய அமைப்பு உருவானது. இது ஒரே பள்ளிக்கு நிதியை ஒப்படைக்காமல், பல பல்கலைக்கழகங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கும் முறையைப் பின்பற்றியது. சிரக்கியூசு பல்கலைக்கழகத்தின் மேக்சுவெல் பள்ளி, டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் புஷ் பள்ளி, டஃப்ட்சு பல்கலைக்கழகத்தின் பிளெச்சர் பள்ளி ஆகியன இவ்வுதவியைப் பெற்றவற்றுள் அடங்கும். உதவி பெறுவோர், படிப்பு முடிந்தபின் கூட்டாட்சி அரசில் பணியாற்ற முற்படுவதாக ஒப்புக்கொள்கின்றனர். 1961 ஆம் ஆண்டு ஆவணத்தில் பள்ளியின் மீது சுமத்தப்பட்ட எதிர்பார்ப்பு, இங்கு மாணவரோடு செய்துகொள்ளும் உடன்படிக்கையாக மாறியதைக் காணலாம்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும், வழக்கு நடைபெற்றுக்கொண்டிருந்த 2006 இல், மாணவரைக் கூட்டாட்சி அரசுப் பணிக்கு ஊக்குவிக்கும் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இனவொதுக்கல் குறித்த உட்ரோ வில்சனின் கொள்கைகளைக் காரணம் காட்டி, 2020 ஜூனில் அவர் பெயரைப் பள்ளியிலிருந்து பல்கலைக்கழகம் நீக்கியது. அதன்பின் பள்ளி, பிரின்ஸ்டன் பொது மற்றும் பன்னாட்டு விவகாரப் பள்ளி என்று அழைக்கப்படுகிறது.

பிற பள்ளிகளுக்கான கொடைகள்

பன்னாட்டு விவகாரங்களுக்கான பட்டமேற்படிப்புப் பள்ளிகள் பல தனியார் கொடையால் உருவானவை அல்லது வளர்ந்தவை.

- ஜெனீவாவில் 1927 இல் தோன்றிய பன்னாட்டு ஆய்வுகளுக்கான பட்டமேற்படிப்பு நிறுவனம், ராக்பெல்லர் குடும்ப அறநிதியின் ஆதரவைத் தொடக்கத்திலேயே பெற்றது.
- ஐக்கிய அமெரிக்காவின் பிளெச்சர் பள்ளி, ஆஸ்டின் பிளெச்சர் என்பவர் உயில் வழி விட்டுச்சென்ற நிதியைக் கொண்டு 1933 இல் தொடங்கப்பட்டது.
- யேல் பல்கலைக்கழகத்தில் உலக விவகாரங்களுக்கான நிறுவனம் ஒன்றை அமைக்க, 2009 இல் ஜாக்சன் இணையர் 50 மில்லியன் டாலர் வழங்கினர். அது 2022 இல் தனிப் பள்ளியாக உயர்ந்தது.
- கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு, சுரங்கத் தொழிலதிபர் பீட்டர் மங்க் 2010 இல் 35 மில்லியன் கனடிய டாலர் வழங்கினார். கொடையாளரின் செல்வாக்கு கல்விச் சுதந்திரத்தைப் பாதிக்குமோ என்னும் விவாதத்தை இக்கொடை எழுப்பியது.

யேல் பல்கலைக்கழகம் வேறொரு கொடையில் எதிர்மாறான முடிவை எடுத்தது. மேற்கத்திய நாகரிகப் பாடங்களுக்கென லீ பாஸ் அளித்த 20 மில்லியன் டாலரை, பேராசிரியர் நியமனத்தில் அவர் பங்கு கேட்டதை ஏற்க மறுத்து, 1995 இல் அவரிடமே திருப்பித் தந்தது.

முக்கியத்துவம்

நோக்கம் மிகக் குறுகலாக வரையறுக்கப்பட்டால், காலம் மாறும்போது கொடை பயனற்றுப் போகக்கூடும். மிகப் பரந்ததாக வரையறுக்கப்பட்டால், கொடையாளர் எண்ணியிராத செலவுகளுக்கும் அது இடந்தரும். ராபர்ட்சன் கொடையின் ஆவணம் இவ்விரண்டுக்கும் இடையே நின்றது. கொடையாளரும் பல்கலைக்கழகத் தலைவரும் ஒருவரையொருவர் அறிந்து நம்பிய காலத்தில் இவ்விடைவெளி சிக்கலாகவில்லை. அடுத்த தலைமுறையில் அதுவே வழக்காயிற்று. இவ்வழக்குக்குப் பின்னர், கொடை ஒப்பந்தங்களில் நோக்கத்தைத் தெளிவாக எழுதுதல், செலவுக் கணக்கைக் குறித்த கால இடைவெளியில் அறிவித்தல், பிணக்கு எழுந்தால் தீர்க்கும் முறையை முன்னரே வகுத்தல் ஆகியவற்றின் தேவை அமெரிக்க உயர்கல்வி வட்டாரங்களில் வலியுறுத்தப்பட்டது.

காலவரிசை

- 1930 – பிரின்ஸ்டனில் பள்ளி தொடங்கப்பட்டது.
- 1948 – பட்டமேற்படிப்பு சேர்க்கப்பட்டது.
- 1961 – ராபர்ட்சன் கொடை, அறக்கட்டளை நிறுவப்பட்டது.
- 1966 – பள்ளியின் புதிய கட்டடம் திறக்கப்பட்டது.
- 1972 – மேரி ராபர்ட்சன் மறைவு.
- 1981 – சார்லசு ராபர்ட்சன் மறைவு.
- 2002 – குடும்பத்தினர் வழக்குத் தொடுத்தனர்.
- 2008 – உடன்பாடு. அறக்கட்டளையைக் கலைக்க முடிவு.
- 2020 – பள்ளியின் பெயரிலிருந்து உட்ரோ வில்சன் பெயர் நீக்கப்பட்டது.

இவற்றையும் பார்க்கவும்

- பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம்
- உட்ரோ வில்சன்
- பன்னாட்டு உறவுகள்
- அறக்கட்டளை